குளியலறையில் வெடித்த பியர்

ஒஸ்லோவில் ஸ்டோவ்னர் பகுதி அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறோம். டின்னில் வரும் மால்ட் என்ற முளைத்தானியப் பாகைக் காய்ச்சாமல், சுடுநீரில் கரைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டால் பியர் ஆகும் என்று அறிந்து தொடங்கினேன்.

ஈஸ்ட் நொதிக்க இளஞ்சூடு வேண்டும்; கரைசல் வாளியை வைக்கத் தோதான சூடான இடம் வீட்டில் சாமி அறைதான். மனைவி விடவில்லை. "சாமிக்குப் பக்கத்திலை பியரோ? விசரே உங்களுக்கு?"

வாளியைக் குளிரான சாமான் அறையில் வைத்தேன். சில நாளில் குமிழிகள் நின்றன. நொதித்து முடிந்ததென்று நம்பி, நுரை வரச் சீனி சேர்த்துக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, தரை சூடாகும் குளியலறையில் அடுக்கினேன்.

ஒரு மாலை குளிக்கப் போன மனைவி, தன் தமக்கையின் தொலைபேசி அழைப்பு வந்ததால் வெளியே வந்தாள். உள்ளே ஒரு போத்தல் வெடித்தது. தொடர்ந்து இன்னும் இரண்டு. அவள் துடைக்க மாட்டியிருந்த துவாயெல்லாம் கண்ணாடித் துண்டுகள்.

"அக்கா எடுத்திருக்காட்டி நான் உள்ளுக்கை நிண்டிருப்பன். கடையிலை வாங்கிக் குடிச்சால் என்ன, குறைஞ்சோ போயிடுவியள்?"

துண்டுகளைப் பொறுக்கினேன். குளிரில் உறங்கிய ஈஸ்ட், சூட்டில் விழித்து மீதி இனிப்பையும் தின்றிருக்கிறது; அதில் எழுந்த வாயுதான் கண்ணாடியை உடைத்திருக்கிறது.

இப்போது குமிழியை நம்புவதில்லை. மீதி இனிப்பை அறிய மிதக்கவிடும் அடர்த்திமானி காட்டும் அளவு சில நாள் மாறாமல் நின்றால்தான் அடைக்கிறேன், அதுவும் பிளாஸ்டிக் போத்தலில். குளியலறையில் ஒரு போத்தலும் இல்லை. ஆனாலும் மனைவி கதவில் காது வைத்துக் கேட்ட பிறகே போகிறாள். அதனால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், முதலில் நானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.