நாற்பது நிமிஷ ஷர்முலா

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் பெருநாள் காலையில் உப்பு மீனும் ஷர்முலாவும் இல்லாத வீடு கிடையாது. வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, உலர்ந்த திராட்சையின் சாற்றை ஊற்றி, அடுப்படியிலேயே அரைநாள் நின்று சுண்டவைக்க வேண்டிய பண்டம். அதை நெஃபிஸ்ஸா நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டாள். அடுப்பில் இல்லை, எழுத்தில்.

மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு அவள் சமையல் தளம் தொடங்கி ஆறு வருஷம். சமையலை மாமியாரிடம் கற்றாள். தளத்தை முன்னுக்குத் தள்ளும் வித்தையை வீடியோக்களில் கற்றாள். தலைப்பைக் கேள்வியாக வை, பதிலை மூன்று வரிக்குள் அடக்கு, 'சுலபம்', 'சீக்கிரம்' இரண்டையும் கைநிறையத் தூவு. முட்டை அவிப்பதற்கே எட்டுக் கேள்வி எழுதிய மகராசி அவள். ஷர்முலாவுக்கு ஐந்து மணி நேரம் என்று உண்மையை எழுதினால் எவள் படிப்பாள்? ஆகவே நாற்பது நிமிஷம். அதைப் பொய் என்று அவள் நினைக்கவே இல்லை. தலைப்பு என்று நினைத்தாள்.

அந்த நோன்பு மாதத்தில் தேடுபொறி தன் முகத்தை மாற்றிக்கொண்டது. முன்பெல்லாம் ஒன்று கேட்டால் பத்துத் தளங்களை வரிசையாக நீட்டும். இப்போது உச்சியில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் பதில். ஷர்முலாவுக்கு வந்த பதில் நெஃபிஸ்ஸாவின் அதே மூன்று வரி. பெயர் மட்டும் இல்லை. பெட்டியிலேயே பதில் கிடைத்த பிறகு தளத்துக்கு யார் வருவார்கள்? ஒரு நாளைக்கு ஏழு வருகை என்று வற்றியது; அதில் நாலு அவள் கணவன் மொன்சிஃப்.

பதில் தன்னுடையது என்று ஊரறிய வேண்டும் என்பது அவளுக்கு உயிர்ப்போராட்டமாகிவிட்டது. பெயரைப் போடச் சொல்லி தேடுபொறிக்குப் பதினொரு மனு அனுப்பினாள். ரொட்டிக்கடை வரிசையில் போனைக் காட்டினாள், பொதுக் குளியல் கூடத்தில் காட்டினாள். நாத்தனார் ராதியா வீட்டு நோன்பு திறப்பில், பதினாறு பேருக்கு நடுவே சூப் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் காட்டினாள்.

"நல்லா பாருங்க, ஒரு புள்ளிகூட மாறல. இந்த ஊரே இப்ப என் கைப்பக்குவத்துலதான் சமைக்குது."

"நாப்பது நிமிஷமா அண்ணி? எங்கம்மா அரைநாள் கிண்டுவாங்களே" என்றாள் ராதியா.

"அத்தை காலத்துல நெட் ஏது, பாவம்."

தன் வீட்டுச் சட்டியை ஐந்து மணி நேரம் கிண்டுவதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

பெருநாள் விடிந்தது. புது மருமகள்கள், ஆபீஸ் போகிறவர்கள், பெண் கிடைக்காத ஆண்கள் எல்லோரும் பெட்டியை நம்பியிருந்தார்கள். வாழ்த்துச் சொல்லித் தழுவியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டே தழுவினார்கள்; வேகாத வெங்காய நெடி அப்படி. துறைமுகத்துக் கடற்பறவைகள் கூட்டமாகக் கிளம்பி, கெர்கென்னா தீவில் போய் இறங்கித்தான் மூச்சு விட்டனவாம்.

ராதியாவின் மகளும் நாற்பது நிமிஷத்தில்தான் செய்திருந்தாள். அவள் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். பிறகு வேறொன்றும் கேட்கவில்லை, கிளம்பிவிட்டாள். வாழ்த்துச் சொல்ல நெஃபிஸ்ஸா அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் அழுதுகொண்டிருந்தாள், பக்கத்தில் ராதியா.

"அண்ணி, அந்தப் பதில் உங்களுதுதானே?" என்றாள் ராதியா.

"என்னுதுன்னு யார் சொன்னா? பேரு இருக்கா, காட்டு. அந்தப் பெட்டி கண்ட குப்பையையும் அள்ளிப் போடுது."

ராதியா போனைத் திருப்பிப் பிடித்தாள். "நேத்துலேர்ந்து பேரு போடுறாங்க அண்ணி. படமும் இருக்கு. சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க."

நெஃபிஸ்ஸா நின்ற இடத்திலேயே தன் பக்கத்தில் நாற்பது நிமிஷத்தை அழித்து ஐந்து மணி என்று திருத்தினாள். பெட்டி அதைச் சட்டை செய்யவில்லை. வாரக்கணக்கில் அதே நாற்பது நிமிஷம், அதே சிரித்த முகம். பெயர் தெரிந்துவிட்டதால் ஜனங்கள் தளத்துக்கு நேராகவே வந்து திட்டினார்கள், எட்டாயிரம் பேர். அவள் திட்டுகளையெல்லாம் அழித்துவிட்டு, வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பக்கத்தின் உச்சியில் பெரிதாகப் போட்டுக்கொண்டாள்.