குறுகிய சந்தில் எடுத்த அளவு

நாகர்கோவிலில் முதுகலை படித்தபோது, சாலையோர வாகை மரங்கள் எவ்வளவு தூசியையும் புகையையும் தடுக்கின்றன என்று நானும் என் தோழியும் ஒரு கோடை முழுவதும் அளந்தோம். மரத்தடியில் இரண்டும் குறைவாகவே இருந்தன. ஒரு குறுகிய சந்தில் மட்டும் கிளைகள் மூடிக்கிடந்ததால் வண்டிப் புகை வெளியேறாமல் தங்கி, அதன் அளவு கூடியிருந்தது. அதையும் மறைக்காமல் நோட்டில் எழுதினேன்.

படிப்பு முடிந்ததும் அவள் சாலை போடும் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த மரங்களை வெட்டிச் சாலையை அகலப்படுத்துவது பற்றிய கூட்டத்துக்கு, மரங்களுக்காகப் பேச நான் போனேன். எனக்கு முன்பே அவள் எழுந்து, அந்தச் சந்தின் அளவை மட்டும் வாசித்தாள். மரங்களால் புகை கூடுகிறது என்றாள்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி என்னைப் பார்த்து, "இது நீங்க எழுதுனதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மீதியை விளக்குவதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்.

வெளியே வந்ததும், "மத்த பக்கத்த ஏன் மக்கா வாசிக்கல்ல?" என்றேன்.

"நான் பொய்யொண்ணும் சொல்லல்லியே" என்றாள் அவள்.

மறுவாரம் மரங்களை வெட்டினார்கள். பிறகு தன் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து அழைத்தாள். நான் போகவில்லை.