பக்கத்து வீட்டுத் தறியும் மகளின் நெபுலாவும்

இரவு பன்னிரண்டு ஐம்பதுக்குப் பக்கத்து வீட்டு விசைத்தறிகள் நான்கும் நின்றன. நான் விழித்துக்கொண்டேன்.

மற்ற ஊர்க்காரர்கள் சத்தம் கேட்டு எழுவார்கள். ஆரணியில் எங்கள் தெருவில் சத்தம் நின்றால்தான் எழுவோம். பத்தொன்பது வருடமாக அந்தத் தடதடப்பில்தான் தூங்குகிறேன். நடுராத்திரியில் அது நிற்பதற்கு எனக்குத் தெரிந்து இரண்டே காரணம்தான். ஒன்று மின்வெட்டு, இன்னொன்று சாவு. சன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவிளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

மொட்டை மாடியில் என் மகள் தனியாக இருந்தாள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். மார்கழி விடுமுறைக்கு வந்திருந்தாள், துணிமணி குறைவாகவும் கேமராச் சாமான் அதிகமாகவும். வானத்தில் வாயுவும் தூசியும் மேகம் மாதிரித் திரண்டு கிடக்குமாம், அதற்கு நெபுலா என்று பெயராம். அதைப் படம் எடுக்க வேண்டும். முக்காலியில் கேமராவை வைத்துவிட்டால், ஒரு சின்ன மோட்டார் நட்சத்திரங்களின் போக்கிலேயே அதைத் திருப்பிக்கொண்டு போகும். அரை நிமிடத்துக்கு ஒரு படமாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். லென்ஸில் பனி படியாமலிருக்க என் காலுறையில் வறுத்த உப்பைப் போட்டு அதன் கழுத்தில் கட்டியிருந்தாள். கேமராவுக்குச் சுளுக்கா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வெளிச்சம் கிளம்பி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது என்றாள். அவ்வளவு நாள் பொறுத்தது விடிகிற வரைக்கும் பொறுக்காதா என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளைப் பார்ப்பவன். இந்த வட்டாரத்தில் மாடியிலிருந்து விழுந்தவர்களில் பாதிப்பேர் என் மேசை வழியாகப் போயிருக்கிறார்கள். எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரோ முழங்கால் உயரம். அதனால் முதல் இரண்டு இரவும் அரை மணிக்கொரு தரம் டார்ச்சோடு மேலே போய்ப் பார்த்தேன். ஒருமுறை ஸ்வெட்டர், ஒருமுறை பால், ஒருமுறை சும்மா. நான் போய்வந்த படங்களில் மட்டும் வானம் விடிந்திருந்தது.

"ஊர்ல இருக்கற லைட்டு எல்லாம் ஒரு பக்கம், உன் டார்ச்சு ஒரு பக்கம்ப்பா," என்றாள்.

மூன்றாம் இரவு மாடிக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டாள். அதுதான் கடைசி இரவு. மறுநாள் கேமராவோடு சென்னைக்குக் கிளம்ப வேண்டும், கேமரா கல்லூரி மன்றத்துடையது. எடுத்ததில் ஒரு படம்கூடச் சரியில்லை என்று சாயங்காலமே முகம் வாடியிருந்தாள். நட்சத்திரங்கள் எல்லாம் புள்ளியாக இல்லாமல் அரிசி மாதிரி நீண்டிருந்தன. காரணம் என் நடமாட்டம் என்றுதான் நான் நினைத்தேன்.

தறி நின்ற அமைதியில் படியேறிக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கைப்பேசியில் அழைத்தால், நான் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. அதற்கு மேல் என் அலுவலக மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. சுவர் முழங்கால் உயரம். இருட்டு. பின்பக்கம் விழுந்தால் தறிக்காரர் வீட்டு முற்றம். விழுந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் தறியை நிறுத்தியிருக்கிறார்கள். கோப்பு முடிந்தது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

சமையலறைக்கு ஓடி அம்மிக் குழவியை எடுத்துவந்து அந்த இரும்புக் கதவை இடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு வளைந்ததே தவிரத் திறக்கவில்லை. மனைவி தேவிகாபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். பஸ் ஏறும்போது அவள் சொல்லிவிட்டுப் போனது பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மட்டும்தான்.

பிறகு தெருவுக்கு இறங்கினேன். தறிக்காரர் வீடு பத்தடி தூரம். அங்கே போய்விட்டால் தெரிந்துவிடும். வாசற்படியிலேயே, மடியில் குழவியோடு உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே நின்றிருந்தார். அவரும் தறி நின்றதால் எழுந்தவர்தான்.

"தறி நின்னுகினு இருக்குதே சார், யாருனா தவறிட்டாங்களா?" என்றார்.

நான் கையை உயர்த்தி எங்கள் மாடியைக் காட்டினேன். 

அப்போது தறிக்காரர் வீட்டுக் கதவு திறந்தது. முதலில் அவர் வந்தார், கையில் தேநீர்த் தம்ளர். பின்னாலேயே என் மகள், தலையில் என் குரங்குக் குல்லா, கையில் இன்னொரு தம்ளர்.

நட்சத்திரம் அரிசியானதற்குக் காரணம் நான் மட்டும் இல்லையாம். தறி ஓடினால் இரண்டு வீட்டு மாடியும் சேர்ந்து அதிருமாம். அதை, எங்கள் மாடியை ஒட்டிய அவர்கள் மாடிக்குச் சுவர் தாண்டிப் போய் அவரிடம் சொல்லியிருக்கிறாள். நெபுலா எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டு, மூன்று மணி வரைக்கும் நிறுத்திவைக்கிறேன் என்றாராம். தன் காலடியில்கூட மாடி ஆடும் என்று இவள் கைப்பேசியில் அழைப்பு வராமல் அடைத்து, அதைக் கேமராவோடு இணைத்து அங்கேயே வைத்துவிட்டு, தறிக்கூடத்தில் அவர் மனைவியோடு தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல் சில நிமிடப் படங்கள் அருமையாக வந்திருக்க வேண்டும். அதன் பிறகு நான் குழவியோடு மாடிப்படி ஏறிவிட்டேன்.

தறிக்காரர் என்னையும் குழவியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நாலு தறியையும் நிறுத்திட்டேன் சார். உங்கள நிறுத்தற சுவிச்சு எங்க இருக்குதுன்னுதான் தெரியல."

எதிர்வீட்டு அம்மாள் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. குழவியை என் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தம்ளரை என் கையில் கொடுத்தாள். அது கையில் நிற்காமல் தளும்பியது. மேலே ஒருமுறை பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்குது. நடுங்காதப்பா, மாடி ஆடும்."