ரவுட்டர் பெட்டியில் நெத்திலி

அந்தமான் டாலிகஞ்சில் படகு இன்ஜின் வைத்திருக்கும் எல்லோருக்கும் மெக்கானிக் வியாகுலத்தைத் தெரியும். வயது ஐம்பத்துநான்கு. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அவருக்கு அடங்காத ஒரே இயந்திரம், இன்டர்நெட் கம்பெனி வாடகைக்குக் கொடுத்த ரவுட்டர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கும்.

மகள் டயானாவுக்கு வெள்ளிக்கிழமை ஒரு சென்னைக் கம்பெனியின் வீடியோ இன்டர்வியூ. லைன் அறுபடாமல் நின்றால் வீட்டிலிருந்தே வேலை. இல்லாவிட்டால் சென்னைக்குப் போக வேண்டும். மகளை அனுப்ப வியாகுலத்துக்கு மனமில்லை. சொந்தமாக ரவுட்டர் வாங்கிவிட்டார்.

அதை இணைக்கப் பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனி கவுண்டரில் கோகுல் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இதோட டப்பா எங்கண்ணே?"

"டப்பா எதுக்குவே? சாமான் இருக்குல்லா?"

"டப்பா இல்லாம ரிட்டர்ன் ஆகாது. பழசு ரிட்டர்ன் ஆகாம புதுசு ஏறாது. சிஸ்டம் ஐசா ஹை, அது அப்படித்தான்."

வீட்டில் மனைவி சூசைமேரி கையை விரித்தாள். "அதுலதான உங்க அக்காவுக்கு நெத்திலி குடுத்துவிட்டேன்!"

தீவில் நல்ல அட்டைப்பெட்டி எதுவும் வீட்டில் தங்குவதில்லை. மெயின்லேண்ட் போகிறவர் கையில் கருவாட்டோடு கப்பலேறிவிடும்.

வியாகுலம் தூத்துக்குடிக்குப் போன் போட்டார். "அக்கா, அந்தப் பெட்டி வேணும்."

"நெத்திலி அப்பவே தின்னாச்சேடா."

"பெட்டியத் திங்கலல்லா?"

பெட்டி இருந்தது. வெறும் பெட்டியை அனுப்புவது மரியாதையில்லை என்று அக்கா அதில் மக்ரூன் நிரப்பினாள். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மைத்துனர் ஜஸ்டின், வியாழக்கிழமை விமானத்தில் அதை மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். மக்ரூனை மட்டும் யாரும் தொடவில்லை.

அன்று மாலையே வியாகுலம் கவுண்டருக்குப் போனார். ஏசி அறை, நல்ல கூட்டம். கோகுல் மூடியைத் திறந்ததும் வரிசை வாசல்வரை பின்வாங்கியது.

"அண்ணே, பந்த் கரோ! மூடுங்க!"

"சிஸ்டத்துக்கு டப்பா வேணும்னீரே? நல்லா பாத்துக்கிடும்."

"பாத்தாச்சு, பாத்தாச்சு! புதுச ஏத்திட்டேன். கெளம்புங்கண்ணே!"

வெள்ளிக்கிழமை. நாற்பது நிமிடம் கதவுக்கு வெளியே நின்றார் வியாகுலம். டயானா முகம் வெளிறி வந்தாள்.

"லைன் போச்சா மக்கா?"

"ஒரு தடவகூடப் போகலப்பா. மூணு கேள்விக்குப் பதில் தெரியாம முழிச்சேன். பழசுன்னா கட் ஆயிருக்கும்."

"அப்ப வேலை?"

"கெடச்சிருச்சு. வீட்டுலேர்ந்துதான். லைன் இவ்ளோ நல்லாருக்கே, நாள் முழுக்க கேமராவ ஆன்லயே வைங்கன்னுட்டாங்க."