முப்பத்தோரு கோடுகளில் பழகிய ஸ்பீக்கர்

புதுப் பெட்டியிலிருந்து தெர்மாகோலை உருவும்போது எழும் அந்தக் 'கிறீச்' சத்தம் எங்கே கேட்டாலும் எனக்குப் பல் கூசும். கூடவே, புதூர்நாட்டில் எங்கள் வீட்டு நடுவறையில் இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டை அக்கா தூக்கி நிறுத்திய அந்த அறுவடைக் காலம் நினைவுக்கு வந்துவிடும்.

அக்கா அப்போது ஆம்பூரில் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வாங்கியிருந்தாள். மலையை விட்டு அவள் வேலைக்குப் போனதில் அப்பாவுக்கு அரை மனசுதான். ஒரு வார லீவில், ஜீப்பின் மேல் கயிறு போட்டுக் கட்டி, அவள் கொண்டுவந்து இறக்கியது அரிசியோ புடவையோ அல்ல, பாட்டுப் பெட்டி. ஊர் 'மெத்த வூடு' என்று சொன்ன எங்கள் புதுக் கான்கிரீட் வீட்டில், வெறும் சிமெண்ட் சுவர்களுக்கு நடுவே முதல் பாட்டு எழுந்தபோது அப்பா முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா இது, கெணத்துக்குள்ள ஒக்காந்து பாடற மாரி கீது."

"புது ஸ்பீக்கர் அப்டித்தான்ப்பா. நாப்பது மணி நேரம் பாட வுட்டா பழகிக்கும்னு கடக்காரர் சொன்னாரு."

"புதுச் செருப்பு கடிக்கும், பழகும். பாட்டு கூடவா கடிக்கும்? போம்போது எட்துக்கினு போய் குட்த்துடு."

அக்கா சிரித்து மழுப்பினாள். ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது என்னிடம் சொன்னாள்: "இத திருப்பிக் குட்த்தா, நான் வேலைக்குப் போனதே தப்புன்னு ஆயிடும்டி. நான் போறதுக்குள்ள நாப்பத ஓட்டிடு."

பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு அது. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் பாட விட்டு, மணிக்கொரு கோடாகக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் கிழித்தேன். மலையில் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம் என்பதால், கோடுகள் நத்தையாக நகர்ந்தன. ஐந்தாம் நாள் மேகம் கறுத்தது. களத்தில் இருந்த சாமையை அவசர அவசரமாக மூட்டை கட்டி, நடுவறையில் இரண்டு சுவரோரமும் என் உயரத்துக்கு மேல் அடுக்கினோம்.

மறுநாள் காலை பாட்டைப் போட்டேன். பாடுகிறவர் எதிரில் வந்து உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

"பழகிடுச்சிம்மா" என்றார்.

சாக்கு இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டு மாமா கதவை எண்ணிப் பார்த்தார். "முப்பத்தொண்ணுலயே பழகிடுச்சா? கெட்டிக்கார ஸ்பீக்கருதான். எம் மருமவன் ஆறு வருசமாப் பழகறான்."

அக்கா வெறுங்கையோடு ஜீப் ஏறினாள். அவ்வளவு சந்தோஷமான வெறுங்கையை நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து மூட்டைகள் விற்பனைக்கு ஆலங்காயம் போயின. அன்று சாயங்காலம் பாட்டைப் போட்டால், பழைய கிணறு அப்படியே திரும்பி வந்திருந்தது. அப்பா மாடு கட்டிக்கொண்டிருந்தார். இதோ உள்ளே வந்துவிடுவார். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன், பெட்டியைத் தட்டினேன், ஒன்றும் ஓடாமல் எரிச்சலில் கையைத் தட்டினேன். மூட்டை போன வெறும் சுவர் திருப்பித் தட்டியது. அப்படியே நின்றுவிட்டேன். அம்மா பழம்புடவைகளைத் தைத்து வைத்திருந்த போர்வைகள், பாய், கட்டில், காலிச் சாக்கு எல்லாவற்றையும் இழுத்து வந்து சுவரோரம் சாத்தினேன். பாடகர் மறுபடி எதிரே உட்கார்ந்தார்.

"இன்னா, வூட்ட சந்தையாக்கி வச்சிக்கீற?" என்றபடி அப்பா நுழைந்தார்.

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது. "ஸ்பீக்கர் பழகவே இல்லப்பா. செவுருதான் கத்திக்கினு இருந்துச்சி. மூட்டை வந்ததும் வாய மூடிக்கிச்சி."

சொன்ன பிறகுதான் அக்கா ஞாபகம் வந்தது. அப்பா ஒரு போர்வையை விலக்கினார், கை தட்டினார். மூடினார், மறுபடி தட்டினார்.

"அப்போ அவ மொதல்லயே நல்ல பொருளாத்தான் பாத்து வாங்கினு வந்துகீறா" என்றார். "போன் போடு அவளுக்கு." பிறகு போர்வைகளைச் சுவரில் அடிக்க ஆணியும் சுத்தியலும் தேடப் போனார்.

அந்த ஆர்வத்திலேதான் நான் திருப்பத்தூர் கல்லூரியில் இயற்பியல் எடுத்தேன். புது ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பு ஓடஓடக் கொஞ்சம் தளரும், அது உண்மை. ஆனால் அதைக் காதால் கண்டுபிடிப்பது கஷ்டம். பழகுவது பெரும்பாலும் நம் காதுதான். இணையத்தில் இதற்காக இன்றும் நாள்கணக்கில் சண்டை போடுகிறார்கள். அவர்கள் யார் வீட்டிலும் சாமை மூட்டை இருந்திருக்காது.

எங்கள் வீட்டிலும் இப்போது இல்லை. வியாபாரி வண்டி களத்துக்கே வந்து அள்ளிப் போகிறது. கதவின் முப்பத்தோரு கோடுகளும் பச்சை பெயிண்டுக்கு அடியில். போன வாரம் அக்கா ஆலங்காயத்தில் புது வீட்டுக்குக் குடிபோனாள். பழக்கதோஷம், அங்கேயும் ஒரு ஜோடி ஸ்பீக்கர். போன் செய்து, "இத எத்தினி மணி நேரம்டி ஓட்டணும்?" என்று கிண்டலாகக் கேட்டாள். அப்பா போனைப் பிடுங்கினார்.

"அத வுடும்மா, மொதல்ல வூட்டப் பழக்கு. நான் வர்றேன்."

மறுநாள் காலை ஜீப்பில் ஏறியபோது அவர் மடியில் நாலு போர்வைகள் இருந்தன. சட்டைப் பையில் ஆணிகள்.