முதுகு திறந்த சட்டைக்கு ஒரு கடை

சவுந்தரம் தைத்த சட்டையை ஆயர் ஈத்தாமில் உயிரோடு இருக்கும் தமிழர் எவரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தையலில் குறை ஒன்றுமில்லை. கழுத்திலிருந்து முழங்கால் வரை முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு. தோளில் ஒரு நாடா, இடுப்போரம் ஒரு நாடா. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை உட்கார வைக்காமலே மாட்டிவிடலாம். விளங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும், நல்ல கையைப் பிறகு. கழற்றும்போது நல்ல கை முதலில் வர வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ வீடுகளில் நோயாளியின் தோளைப் பிசகவைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு முதுகு திறந்த துணி என்றால் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும். விறைத்துப்போன உடம்புக்குச் சட்டை மாட்ட முடியாது. அதனால் துணியின் முதுகைக் கீறி, முன்பக்கமாகப் போர்த்தி, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகுவார்கள். ஆகவே அவள் தைத்ததற்குச் சவச்சட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சவுந்தரம் ஒரு தனியார் மருத்துவ இல்லத்தில் வெகுகாலம் ஆயாவாக இருந்தவள். அக்கா அமலம்மாளுக்கு வாதம் அடித்து இடப்பக்கம் விளங்காமல் போனபோது வேலையை விட்டாள். சகோதரிகள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வேறு நாதியும் இல்லை. சூலியா ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் பின்னறையில் குடியிருந்துகொண்டு, வாசல் நடைவழியில் மெஷின் போட்டுத் தைத்தாள். சீனர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தாரும் ஒரு சவப்பெட்டிக் கடைக்காரரும் வழியோடு போகும்போது வாங்கிப்போனார்கள். தொண்ணூற்றொன்பதில், பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாடு போகப்போகிறது என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அக்காளையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த உயரத்தில் வழியோடு போகிறவர் யாரும் இல்லை, புறாக்கள்தான் வந்தன.

தையல் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அவள் நன்றாக அறிவாள். புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போக வேண்டும், அமலம்மாளை ஓர் இல்லத்தில் விட வேண்டும். இல்லங்களை உள்ளே இருந்து பார்த்தவள் அவள். புரட்டிப்போட ஆளில்லாத இடத்தில் முதலில் இடுப்பு புண்ணாகும், பிறகு குதிகால், பிறகு பேச்சு நிற்கும். அக்காளை அங்கே அனுப்புவதில்லை என்பது மட்டும்தான் அவளுடைய வைராக்கியம்.

அடுக்குமாடிக்குக் கீழே ஜபருல்லா கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். நாற்பது வயது, வாயாடி. அவர்தான் சொன்னார்.

"இன்டர்நெட்ல கடை போடுங்கக்கா. ஊருக்குத்தானே இது சவச்சட்டை? வெளிய இருக்கறவனுக்குச் சட்டை."

"வாடகை?"

"ஓசி. அமெரிக்காக்காரன் இடம் குடுக்கிறான். மேல அவன் விளம்பரத்த ஒட்டிக்குவான், அவ்வளவுதான்."

"ஓசியா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்?"

"அதெல்லாம் துருவுனா நமக்கு இடம் கிடைக்காது லா."

அவளுக்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், அதற்கென்று தனி டெலிபோன் கம்பியும் வேண்டாம் என்றார். வருகிற ஆர்டரை அவரே பார்த்துச் சொல்வார். பதிலுக்கு அவள் அவருடைய கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தூசி உறை தைத்துத் தர வேண்டும். வாங்குகிறவர்கள் காசைப் பேங்கில் போட்டுவிடுவார்கள், சட்டையைத் தபாலில் அனுப்பினால் போதும். வெள்ளைப் பக்கம், நீல எழுத்து, அளவு எடுப்பது எப்படி என்று ஒரு கோட்டுப் படம். இரண்டே நாளில் கடை கட்டி முடிந்தது.

படம்தான் இடித்தது. கம்பியில் மாட்டிப் படம் பிடித்த சட்டையைத் திரையில் பார்த்துவிட்டு ஜபருல்லா உதட்டைப் பிதுக்கினார்.

"ஆள் இல்லாத சட்டை பேய் மாதிரி இருக்குக்கா. யாராச்சும் போட்டுக்கிட்டுப் படுக்கணும்."

அமலம்மாளைக் கேட்டாள். அக்காள் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப் படுக்க வச்சுப் படம் புடிக்கப் போறியா? அப்பாவப் புடிச்ச மாதிரியா?"

அவர்கள் குடும்பத்தில் படுத்த நிலையில் படம் என்றால் ஒரே சமயத்தில்தான். பெட்டியை மூடுமுன் தலையணையைச் சற்று உயர்த்தி, குடும்பத்தார் சுற்றி நிற்க, படக்காரர் வந்து ஒரு படம் எடுப்பார். வர முடியாத சொந்தக்காரர்களுக்கு அதை அனுப்புவார்கள். அப்பாவுக்கு அப்படி ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, காய்ச்சலில் போன தம்பிக்கு ஒன்று. உயிரோடு படுத்தவரை யாரும் எடுத்ததில்லை.

அதற்கு மேல் சவுந்தரம் மன்றாடவில்லை. அக்காளைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தானே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அக்காளின் கட்டிலில் படுத்தாள். ஜபருல்லா பிளாப்பித் தகட்டில் படத்தைப் பதியும் கேமராவை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தார்.

"கண்ண மூடிக்குங்கக்கா. நோயாளி மாதிரி இருக்கணும்."

மூடினாள். பளீரென்று வெளிச்சம் இமைக்குள் சிவப்பாய் வந்து போனது. மறுபடி ஒன்று. மறுபடி. அப்போதுதான் அறைக்குள் ஒரு முணுமுணுப்பு கேட்டது. அமலம்மாள் நாற்காலியில் இருந்தபடி, இறந்தவர்களுக்குச் சொல்லும் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அழுகை இல்லை. ஒரு வார்த்தையும் பிசகவில்லை.

அன்று சாயங்காலம் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த சவுந்தரத்தை அமலம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"யாரக்கா?"

"என் தங்கச்சிய."

"நான்தான்க்கா இருக்கேன்."

"ஆமா," என்றாள் அமலம்மாள், கெட்ட செய்தி கொண்டு வந்தவரிடம் பேசுவதுபோல. "அப்படித்தான் சொல்வீங்க." தங்கையின் உருவத்தில் வந்து நின்றது எதுவோ, அது நீட்டிய கிண்ணத்தைத் தொடவில்லை. இறந்தவர் கையால் வாங்கிச் சாப்பிட்டால் அவரோடு போய்விடுவோம் என்று அவர்கள் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். சவுந்தரம் அதை மறந்துவிட்டிருந்தாள், அமலம்மாள் மறக்கவில்லை.

மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு இப்படி வரும், விடிந்தால் தெளியும் என்று சவுந்தரம் தனக்குச் சொல்லிக்கொண்டாள். விடிந்தது. தெளியவில்லை. கையிலிருந்த தீக்காயத் தழும்பைக் காட்டினாள். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து பாடிய மாதா பாட்டைப் பாடினாள். அமலம்மாள் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனால் மட்டும், கை எட்டும் தூரத்தில் இருந்தால், ஒன்றிரண்டு குறைந்திருக்கும்.

இதற்குள் கடை திறந்துவிட்டது. பார்க்க வரச்சொன்னார் ஜபருல்லா. திரையில் படம் மேலிருந்து கீழே, பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் தலைமுடி. வெகுநேரம் அது மட்டும். பிறகு நெற்றி. பிறகு மூடிய இமைகள், அங்கே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் இரையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சவுந்தரம் எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டவள். அந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குப் பாடம் தேவையில்லை. வாய் வந்து சேர்ந்தபோது, அதன் தாடையைக் கட்ட வேண்டும் என்று கை தன்னால் துணி தேடியது.

"வேற எடுப்போமா?" என்றார் ஜபருல்லா மெதுவாக.

"இருக்கட்டும்."

இருந்தது. ஈப்போவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது, பிறகு மெல்போர்னில் இருந்து ஒன்று. கோலாலம்பூரில் ஒரு மகன் தன் அம்மாவுக்கு ஒரு டஜன் கேட்டிருந்தார். முதல் மாதம் சுமாராகவே போனது, ஆனால் சூலியா ஸ்திரீட்டை விட மோசமில்லை. மெல்போர்ன்காரி ஆர்டருக்குக் கீழே ஒன்று கேட்டிருந்தாள்: படத்தில் இருக்கும் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? ஜபருல்லா படித்துக் காட்டிவிட்டு, என்ன பதில் போடட்டும் என்று கேட்டார். சவுந்தரம் ஆர்டர் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

தைப்பதுதான் இப்போது சிக்கல். மெஷின் சத்தம் கேட்டால் அமலம்மாள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள், சிறுநீர் போய்விடும் அளவுக்கு நடுங்கினாள். சவுந்தரம் மெஷினை மூடிப்போட்டு, தைக்காமல் நின்ற நாடாக்களைக் கையால் தைத்தாள். ஒரு மத்தியானம், மழை பிடித்த நேரம், கட்டிலோரம் உட்கார்ந்து அக்காளின் கால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா?" என்றாள் அமலம்மாள், சுவரைப் பார்த்தபடி. "தங்கச்சி தைக்கிறா. செத்தும் வேலைய விடல, பாரு."

சவுந்தரத்துக்கும் கேட்டது. அடுத்த அறையில், தடதடவென்று, நின்று நின்று, தையல் திரும்பும் இடத்தில் வேகம் குறைந்து, ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேல் வீட்டுத் துணி துவைக்கும் யந்திரமாக இருக்கலாம். மழைநீர்க் குழாயாகவும் இருக்கலாம். அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து முடித்தாள். அது முடிவதற்குள் சத்தமும் நின்றது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து அமலம்மாளுக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொண்டுவந்து கொடுக்கும் சூசை, கதவைத் திறந்த சவுந்தரத்தைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

"நான் போன் பண்ணப்ப உங்கக்கா எடுத்து வேற மாதிரி சொன்னாங்களே. நான் இறந்தவங்க பூசைக்கு உங்க பேர் குடுத்துட்டேன்."

"குடுத்தத எடுக்க வேணாம். உசிரோட இருக்கறவங்களுக்கும் பூசை வைக்கலாம்தானே?"

"வைக்கலாம். ஆனா இது சரியில்லம்மா. நான் அவங்ககிட்ட எடுத்துச் சொல்றேன்."

"நான் சொல்லாததா நீங்க சொல்லப் போறீங்க? வேணாம் சூசையண்ணே. சொல்லச் சொல்ல அவங்க சாப்பாடு குறையுது."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், இறந்தவர்களின் வரிசையில் தன் பெயர் வாசிக்கப்படுவதைச் சவுந்தரம் தூணோரம் நின்று கேட்டாள். எல்லாரோடும் சேர்ந்து பதில் செபத்தைச் சொன்னாள்.

கிளினிக்கில் அமலம்மாளை நிறுத்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் இப்படியே எடை குறைந்துகொண்டு போனால் மூக்கில் குழாய் போட வேண்டும், வீட்டில் வைத்துச் செய்ய முடியாது, இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்றார். எந்த இடத்துக்கு அனுப்பாமல் இருக்கக் கடை போட்டாளோ, அந்தக் கடையே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்த்தது.

ஜபருல்லா படத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார். சவுந்தரம் யோசித்தாள். படத்தை எடுத்தால் ஆர்டர் நிற்கும். அக்காள் மனசிலிருந்து அது போகாது. குழம்பிய நோயாளியோடு வாதாடாதே என்பதுதான் அவள் வேலையில் சேர்ந்ததும் கற்ற முதல் பாடம். ஊரார் வீட்டு நோயாளிகளிடம் அதைப் பிசகாமல் கடைப்பிடித்தவள், சொந்த அக்காளிடம் மட்டும் வாதாடிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையும் பாவாடையும் உடுத்தி, கொண்டையை மாற்றிப் போட்டு, மூக்குத்தியைக் கழற்றி வைத்து, தன் வீட்டு வாசலுக்கு வெளியே போய் நின்று கதவைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"வணக்கம்மா. நான் தவமணி. உங்களக் கவனிச்சுக்க வந்திருக்கேன்." மருத்துவ இல்லத்தில் அவளுக்கு வேலை பழக்கிய தலைமைத் தாதியின் பெயர் அது. அப்போதைக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.

அமலம்மாள் நெடுநேரம் பார்த்தாள்.

"பேரக் கேட்டா யாழ்ப்பாணத்து ஆளு மாதிரி இருக்கே?"

"ஆமா."

"பேச்சுல தெரியலயே."

"இங்கயே பொறந்து வளந்தவம்மா."

"ம். யாரு அனுப்புனா?"

"உங்க தங்கச்சி. போறதுக்கு முன்னாடி ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போனாங்க."

அமலம்மாளின் முகத்தில் அவ்வளவு நாளும் இல்லாத ஒரு தளர்ச்சி வந்தது. "அவ அப்படித்தான். எல்லாத்தையும் யோசிப்பா," என்றாள். பிறகு, "கஞ்சி இருக்கா? சூடா இருக்கணும்," என்றாள். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். சவுந்தரம் வாயைத் துடைத்துவிட்டாள், சமையலறைக்குப் போனாள், கிண்ணத்தைக் கழுவினாள், கழுவிய கிண்ணத்தையே திரும்பவும் கழுவினாள்.

எடை ஏறியது. இடுப்பில் சிவந்திருந்த இடம் வெளுத்தது. மூக்குக் குழாய்ப் பேச்சு நின்றது. சட்டைகளை மட்டும் நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. கோலாலம்பூர் மகன் கோபமாக எழுதியிருந்தார். தவமணிக்குத் தைக்கத் தெரியும் என்று யாரும் அமலம்மாளிடம் சொல்லவில்லையே.

சவுந்தரம் அதை எப்படிச் சொல்வதென்று வழி தேடிக்கொண்டிருக்கும்போது அமலம்மாளே பேச்செடுத்தாள்.

"தவமணி, அந்த மெஷின் சும்மாதானே கிடக்கு. என் தங்கச்சி ஒரு கடை வச்சிருந்தா, கம்ப்யூட்டருக்குள்ள. அத அப்படியே விட்டா அவ ஆத்துமா அலையும். அன்னிக்கு மழையில தைச்சாளே, அப்படி. நீ எடுத்து நடத்தேன்."

"எனக்கு அவ்வளவா வராதேம்மா."

"நான் சொல்றேன், நீ தை. மெஷின இங்க கொண்டா, எங்கண்ணு முன்னால."

சவுந்தரம் மெஷினைக் கட்டிலருகே நகர்த்தினாள். மீட்டர் கணக்கில் வெட்டி வைத்திருந்த பருத்தித் துணியை எடுத்தாள். கால் மிதிக்கத் தொடங்கியதும் அமலம்மாள் ஒரு நொடி கண்ணை இறுக மூடினாள். திறந்து பார்த்தாள். யார் தைக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்ததும் போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

முதல் சட்டை முடிந்தது. நல்ல கையால் அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கழுத்து மடிப்பைக் கட்டைவிரலால் தடவினாள் அமலம்மாள்.

"என் தங்கச்சி கை வராது உனக்கு," என்றாள். "கழுத்துல சுருங்குது பாரு. அவ ஒரு நாளும் இப்படி விடமாட்டா. பிரிச்சுத் தை."

"சரிம்மா," என்றாள் சவுந்தரம். கத்தரியின் முனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.