கல்வட்டத்தை இடம் சுற்றியவன்

ஒரே ஒரு வார இறுதி இங்கிலாந்தின் வில்ட்ஷரில் இருந்துவிட்டு, குளிர்காலம் முழுக்க இங்கே கனடாவில் மொன்றியல் தமிழர்களுக்கு அதைப் பற்றி வகுப்பெடுத்த மூடன் நான். சுண்ணாம்புக் குன்றில் செதுக்கிய வெள்ளைக் குதிரை, கல்வீடுகள் நெருக்கியடித்த சந்தை ஊர்கள் என்று ஆரம்பித்தாலே நண்பர்களுக்கு அவசர வேலை வந்துவிடும்.

எங்கள் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் முருகன் கோயில் வாசலில் அகப்பட்ட யாழ்ப்பாணத்து மனிதர் மட்டும் ஓடவில்லை. காதை மூடிய கம்பளித் தொப்பி, அதன் விளிம்பில் எட்டிப்பார்க்கும் விபூதி. எதைச் சொன்னாலும் கண்ணை மூடி, "ஓம், ஓம்" என்பார். வில்ட்ஷரின் ஏவ்பரியில் ஓர் ஊரையே வளைத்து நிற்கும் ஆதிகாலக் கல்வட்டத்தைச் சுற்றிவந்த கதையைச் சொன்னதும் கண் திறந்தது.

"வலமாச் சுத்தினனீங்களோ, இடமாவோ?"

"இடமா. வெயில் முகத்துல அடிச்சுது, அதான்."

"பிறகு உடம்புக்கு ஏதும்?"

"முழங்கால் வலி. டாக்டருக்கே புரியல."

"பேந்தென்ன! கல்லெண்டாலும் சாமிதானே. வாங்கோ."

கார் நிறுத்துமிடத்தின் ஓரமெங்கும் பனியை ஆளுயரத்துக்குக் குவித்திருந்தார்கள். அச்சு அசல் ஏவ்பரி. அவர் வலமாக விறுவிறுவென்று நடந்தார். நான் கைகூப்பியபடி பின்னால் ஓடினேன். மூன்றாம் சுற்றில் பக்தியும் சிரிப்பும் சேர்ந்து பொங்கின. சத்தியமாக, வலியைக் காணோம். அவர் சட்டென்று நின்று, பூரித்து, என் தோளைத் தட்டிவிட்டுக் காரேறிப் போனார். இப்படியும் ஒரு ஞானியா என்று வழியெல்லாம் வியந்து, வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமும் சொன்னேன்.

"அவர் வீட்டம்மா இப்பத்தான் போன்ல சொன்னாங்க," என்றாள் அவள். "காரை எங்க விட்டோம்னு மறந்துட்டு வாராவாரம் இப்படித்தான் சுத்துவாராம். பின்னாடி ஒருத்தர் கும்பிட்டுக்கிட்டே ஓடுனது இன்னைக்குத்தானாம்."